மைக்ரோவேவில் அப்பளம், கடலை, சுக்கு காபி: 5 நிமிடத்தில் எது முடியும்? எதைச் செய்தால் ஆபத்து?

ஷிஃப்ட் வேலைக்கு ஓடும் வீடுகளில் மைக்ரோவேவ் அவன் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆனால் பல வீடுகளில் அது சாம்பார் சூடு பண்ணும் பெட்டியாக மட்டுமே இருக்கிறது. எண்ணெய் சட்டி வைக்காமல் அப்பளம் பொரிக்கலாம், கடலை வறுக்கலாம், சுக்கு காபி போடலாம். அதே பெட்டியில் முட்டை வெடிக்கும், கொதிக்காத மாதிரி தெரியும் தண்ணீர் கையில் பொங்கி ஊற்றும். என்ன வித்தியாசம்? முழு விவரம் இதோ.

விடியற்காலை வேப்பம்பட்டு

சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது வேப்பம்பட்டு. ஒரு பக்கம் ஆவடி, அம்பத்தூர். இன்னொரு பக்கம் காக்களூர், திருவள்ளூர். மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். எந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும், காலை ஷிஃப்ட் என்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும்.

வீட்டில் ஒருவர் காலை ஷிஃப்ட், ஒருவர் ஜெனரல் ஷிஃப்ட், பிள்ளைகளுக்கு ஸ்கூல் என்றால் ஒரே டீயை மூன்று தடவை போட வேண்டியிருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்குப் பசி இருக்கும், அடுப்படியில் நிற்கத் தெம்பு இருக்காது. அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு காஸ் அடுப்பே இருக்காது. ஒரு ஆளுக்கு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம் என்ற இந்த அளவுக்குத்தான் மைக்ரோவேவ் நன்றாகக் கைகொடுக்கும்.

மைக்ரோவேவ் எப்படி சூடாக்குகிறது?

இது அமெரிக்காவில் ரேடார் ஆய்வில் இருந்து வந்த கருவி. ரேத்தியான் நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், மேக்னட்ரான் என்ற ரேடார் குழாய் அருகே நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார் என்பது பலரும் சொல்லும் கதை. 1945-ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அவன் ஆள் உயரத்துக்கு இருந்தது. சமையல் மேடையில் வைக்கும் அளவுக்குச் சுருங்கி 1967-ல் அமெரிக்க வீடுகளுக்கு வந்தது.

இன்றைய வீட்டு அவன்கள் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உருவாக்குகின்றன. இந்த அலைகள் உணவில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை வேகமாக அசைக்கின்றன. அந்த அசைவுதான் சூடாகிறது. அடுப்பில் முதலில் பாத்திரம் சுடும், பிறகு உணவு சுடும். மைக்ரோவேவில் அப்படியே தலைகீழ்.

இதில் 3 விஷயங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1. ஈரம் இருக்கும் இடம்தான் முதலில் சூடாகும்.

2. அலைகள் உணவுக்குள் சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழம்தான் நன்றாக இறங்கும். அதற்கு உள்ளே, சூடு மெதுவாகப் பரவித்தான் போக வேண்டும். அதனால்தான் நடுவில் கிளறச் சொல்கிறார்கள், எடுத்ததும் ஒரு நிமிடம் விடச் சொல்கிறார்கள்.

3. தண்ணீர் இருக்கும் வரை உணவின் சூடு 100 டிகிரி செல்சியஸைப் பெரிதாகத் தாண்டாது. வடை, பஜ்ஜி பொன்னிறமாக மாறுவதற்கு அதைவிட அதிக சூடு வேண்டும். அதனால் வெறும் மைக்ரோவேவ் மோடில் வடை வராது. வடை மாவை வைத்தால் வெந்த மாவு உருண்டைதான் கிடைக்கும்.

முதலில் வாட் பாருங்க

கீழே உள்ள நேரங்கள் எல்லாம் 800 வாட் அவனுக்கு, 'ஹை' பவருக்கு. உங்கள் அவன் 700 வாட் என்றால் ஒரு நிமிடத்துக்கு சுமார் 10 விநாடி கூட்டிக்கொள்ளலாம். 900 வாட் என்றால் 5 முதல் 7 விநாடி குறைக்கலாம். கதவின் உள்பக்கத்திலோ, பின்பக்க ஸ்டிக்கரிலோ இந்த எண் இருக்கும். அங்கே இரண்டு எண் இருந்தால், சமையலுக்குப் பார்க்க வேண்டியது சிறிய எண். பெரியது, அவன் கரண்டில் இருந்து இழுக்கும் அளவு.

முதல் தடவை செய்யும்போது சொன்ன நேரத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைப்பது நல்லது. வேகாததை மறுபடி வைக்கலாம். கருகியதை ஒன்றும் செய்ய முடியாது.

அப்பளம்: 1 நிமிடத்துக்குள்

உளுந்து அப்பளம் 2 எடுத்து, இரண்டு பக்கமும் விரலால் லேசாக எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெயே வேண்டாம் என்றாலும் பொரியும், சுவை சுட்ட அப்பளம் மாதிரி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று படாமல் கண்ணாடித் தட்டின் ஓரமாக வைத்து 40 விநாடி ஓட விடலாம். எங்காவது பொரியாத திட்டு தெரிந்தால் திருப்பிப் போட்டு இன்னும் 10 விநாடி.

எடுத்தவுடன் கொஞ்சம் துவண்டுதான் இருக்கும். அரை நிமிடம் ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும். இது தெரியாமல் 'இன்னும் பொரியலையே' என்று மறுபடி வைப்பவர்கள்தான் கருக விடுகிறார்கள்.

வறுத்த கடலை: 4 நிமிடம்

ஒரு கப் பச்சை வேர்க்கடலையைக் கண்ணாடித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 2 நிமிடம் வைத்துக் கிளற வேண்டும். பிறகு 1 நிமிடம் வைத்துக் கிளற வேண்டும். அதற்கு மேல் 30 விநாடி, 30 விநாடியாக மட்டுமே. வாசனை வந்ததும் நிறுத்திவிடலாம்.

கடலையில் எண்ணெய் அதிகம் என்பதால் வெளியே எடுத்த பிறகும் உள்ளே வறுபட்டுக்கொண்டே இருக்கும். வெளியே வெளிறித் தெரிந்தாலும் உள்ளே கருகியிருக்க வாய்ப்பு உண்டு. ஒன்றை உடைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

மசாலா கடலை: 6 நிமிடம்

டீக்கடை பாட்டிலில் இருக்குமே, அதே மசாலா கடலை. ஒரு கப் பச்சைக் கடலை, 4 மேசைக்கரண்டி கடலை மாவு, 1 மேசைக்கரண்டி அரிசி மாவு, 1 டீஸ்பூன் மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம், 2 டீஸ்பூன் எண்ணெய். 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துப் பிசிறினால் மாவு கடலையில் ஒட்டிக்கொள்ளும்.

தட்டில் தனித்தனியாகப் பரப்பி 2 நிமிடம். வெளியே எடுத்து ஒட்டியதை உதிர்த்துவிட்டு மறுபடி 2 நிமிடம். கிளறி மறுபடி 1 நிமிடம், தேவைப்பட்டால் இன்னொரு 1 நிமிடம். முழுசாக ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். ஆறாமல் டப்பாவில் போட்டு மூடினால் நமத்துப் போகும்.

மக்காச்சோளம், கிழங்கு: 5 நிமிடம்

ஸ்வீட் கார்னைத் தோலோடு அப்படியே வைக்கலாம். தோலே மூடி மாதிரி வேலை செய்து, உள்ளே ஆவியில் வேக வைக்கும். ஒரு கதிருக்கு 3 முதல் 4 நிமிடம். 2 நிமிடம் ஆறவிட்டு, துணியால் பிடித்துத் தோலை உரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆவி கையைச் சுட்டுவிடும். பிறகு எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள்.

உருளைக்கிழங்கு, சக்கரவள்ளிக் கிழங்கு என்றால் நன்றாகக் கழுவி, முள்கரண்டியால் 6, 7 இடத்தில் குத்திய பிறகே வைக்க வேண்டும். நடுத்தர அளவு கிழங்குக்கு 4 முதல் 5 நிமிடம், பாதியில் ஒரு தடவை திருப்ப வேண்டும். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து கிழங்கு வெடித்துவிடும்.

கப் ரவா இட்லி: 2 நிமிடம்

வறுத்த ரவை 4 மேசைக்கரண்டி, தயிர் 3, தண்ணீர் 2, உப்பு. கலந்து 10 நிமிடம் ஊற விட வேண்டும். வைப்பதற்கு முன்னால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. எண்ணெய் தடவிய பீங்கான் கப்பில் பாதி அளவுக்கு ஊற்றி ஒன்றரை நிமிடம். குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் 20 விநாடி. ஆறினால் கெட்டியாகிவிடும் என்பதால் சூடாகவே சாப்பிட வேண்டும்.

ஒரு ஆள் டீ, சுக்கு காபி

மைக்ரோவேவ் டீயில் இரண்டே பிரச்சினை. ஒன்று பால் பொங்கி வழிவது. இன்னொன்று டிகாஷன் இறங்காமல் வெளிறிப் போவது.

300 மில்லி பிடிக்கும் பெரிய பீங்கான் கப்பில் முக்கால் டம்ளர் தண்ணீர், நசுக்கிய இஞ்சி, ஒன்றரை டீஸ்பூன் டீத்தூள் எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுக் கலக்கி, 1 நிமிடம் வைக்க வேண்டும். எடுத்து, மூடி போட்டு 2 நிமிடம் அப்படியே விட்டால் டிகாஷன் இறங்கும். பிறகு கால் டம்ளர் பால், சர்க்கரை சேர்த்துக் கலக்கி 40 விநாடி, 'மீடியம்' பவரில். கப் பாதிக்கு மேல் நிறையக்கூடாது.

சுக்கு காபி இன்னும் சுலபம். ஒரு டம்ளர் தண்ணீரில் 1 டீஸ்பூன் சுக்கு மல்லிப் பொடி, 2 டீஸ்பூன் துருவிய கருப்பட்டி போட்டுக் கலக்க வேண்டும். 1 நிமிடம் வைத்து, கலக்கி, மறுபடி 30 விநாடி. ஒரு நிமிடம் தெளிய விட்டு வடிகட்டினால் போதும்.

பொடியை ஏன் முதலிலேயே போட வேண்டும்? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஆபத்து இருக்கிறது.

கொதிக்காத தண்ணீர் எப்படி வெடிக்கும்?

வழவழப்பான சுத்தமான கப்பில் வெறும் தண்ணீரை வைத்து அதிக நேரம் ஓட விட்டால், சூடு 100 டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் குமிழி விடாமல் அமைதியாக இருக்கலாம். குமிழி உருவாக ஒரு சொரசொரப்போ, ஒரு தூசியோ வேண்டும். அது இல்லாததால் தண்ணீர் கொதிக்காமலே காத்திருக்கிறது.

அந்த நேரத்தில் கப்பை அசைத்தாலோ, காபித் தூளைப் போட்டாலோ ஒரே நொடியில் மொத்தமாகப் பொங்கி கைக்கும் முகத்துக்கும் பாயும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

தடுப்பது சுலபம். வெறும் தண்ணீரை வைக்காமல் பொடி, சர்க்கரை, இஞ்சி ஏதாவது போட்டு வைக்கலாம். அல்லது ஒரு ஐஸ் குச்சியைக் கப்பில் போட்டு வைக்கலாம். சொன்ன நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒரு தடவை சூடாக்கிய தண்ணீரை அப்படியே மறுபடி வைக்கக்கூடாது. அவன் நின்றதும் அரை நிமிடம் கழித்துத்தான் கப்பைத் தொட வேண்டும்.

இவற்றை வைக்கவே கூடாது

முட்டை: ஓடு உள்ள முட்டை வெடிக்கும். ஓடு உரித்த அவித்த முட்டையை சூடு பண்ணினாலும் ஆபத்துதான். உள்ளே வெடிக்காமல் வெளியே வந்து, கடிக்கும்போது வாயில் வெடிக்கலாம்.

காய்ந்த மிளகாய், பச்சை மிளகாய் தனியாக: கதவைத் திறந்ததும் வரும் காரப் புகை கண், மூக்கு, தொண்டை எல்லாவற்றையும் எரிக்கும்.

பொரிக்கும் அளவு எண்ணெய்: அதன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது, தீப்பிடிக்கும்.

இறுக்கி மூடிய டப்பா, பாட்டில்: ஆவி போக வழியில்லாமல் வெடிக்கும். மூடியைச் சாய்த்து வைக்க வேண்டும்.

குழந்தையின் பால் பாட்டில்: பால் ஒரு இடத்தில் ஆறியும், இன்னொரு இடத்தில் கொதித்தும் இருக்கும். பாட்டிலைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. குழந்தையின் வாய் வெந்துபோகும்.

வெறும் அவன்: உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓட விட்டால் மேக்னட்ரான் பழுதாகும்.

எந்தப் பாத்திரம் சரி?

நம்ம வீட்டில் அதிகம் இருப்பது எவர்சில்வர். அது உள்ளே போகக்கூடாது. அலுமினியத் தகடு, பிரியாணி பார்சலின் வெள்ளி நிற பேப்பர், தங்கக் கோடு போட்ட பீங்கான், பின் அடித்த டீ பேக், செய்தித்தாள் எதுவுமே வேண்டாம். தீப்பொறி வரும், சில நேரம் தீயே பிடிக்கும். மெலமைன் தட்டும் கூடாது.

சூடு தாங்கும் கண்ணாடி, கோடு போடாத பீங்கான் இரண்டும் நல்லது. பிளாஸ்டிக் என்றால் அடியில் அலை மாதிரி கோடுகள் போட்ட மைக்ரோவேவ் குறியீடு இருக்க வேண்டும். ஹோட்டல் பார்சல் டப்பாவில் அந்தக் குறி இல்லை என்றால் வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிடலாம்.

பீங்கான் கப் சரியா என்று சந்தேகமா? காலியான அந்தக் கப்பையும், பக்கத்தில் ஏற்கெனவே பயன்படுத்திப் பழகிய ஒரு கப்பில் தண்ணீரையும் வைத்து 1 நிமிடம் ஓட விட வேண்டும். தண்ணீர் சூடாகி, காலி கப் ஆறியே இருந்தால் பயன்படுத்தலாம். காலி கப் சுட்டால் வேண்டாம்.

மதியச் சாப்பாட்டை சூடு பண்ணினால் கிருமி செத்துடுமா?

கம்பெனி கேன்டீன்களில் மைக்ரோவேவ் இருக்கிறது என்ற தைரியத்தில், விடியற்காலை கட்டிய சோற்றை மதியம் சூடு பண்ணிச் சாப்பிடுவது வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு.

வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உயிரோடு இருக்கலாம். சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்தால் அவை பெருகி நச்சை உருவாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. அதாவது கெட்ட சோற்றை மைக்ரோவேவ் நல்ல சோறாக மாற்றாது.

சமைத்த உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெயில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதல். நம்ம ஊர் வெயிலுக்கு இது ரொம்பவே பொருந்தும். கம்பெனியில் ஃபிரிட்ஜ் இருந்தால் போனதும் டப்பாவை அதில் வைத்துவிடலாம். இல்லையென்றால் வெறும் சோற்றைவிடப் புளிசாதம் பரவாயில்லை. புளிப்பு பாக்டீரியா வளர்வதை மட்டுப்படுத்தும்.

சூடு பண்ணும்போது நடுவில் கிளற வேண்டும். நடுப்பகுதி வரை ஆவி பறக்கும் அளவுக்கு, அதாவது 74 டிகிரி வரை சூடாக வேண்டும். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வந்த சாப்பாட்டை சூடு பண்ண, பையில் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் இருக்க வேண்டும்.

கதிர்வீச்சு வருமா? சத்து போயிடுமா?

அணு உலை, எக்ஸ்ரே கதிர்வீச்சு வேறு, இது வேறு. மைக்ரோவேவுக்கு உணவைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் சக்தி கிடையாது. ஸ்விட்சை அணைத்ததும் அலை நின்றுவிடும். கதவில் இருக்கும் உலோக வலையின் ஓட்டைகள் மிகச் சிறியவை. 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அலை அதன் வழியே வெளியே வராது. ஆனால் கதவு வளைந்திருந்தாலோ, சரியாக மூடவில்லை என்றாலோ, ரப்பர் கிழிந்திருந்தாலோ சரிசெய்யும் வரை பயன்படுத்தக்கூடாது.

சத்து எல்லா சமையலிலும் கொஞ்சம் குறையும். குறைந்த நேரம், குறைந்த தண்ணீர் என்பதால் மைக்ரோவேவில் வைட்டமின் சி மாதிரியான சத்துகள், தண்ணீரில் வேக வைத்து வடிப்பதைவிட அதிகமாகவே தங்கும்.

கரண்ட் பில் எகிறுமா?

800 வாட் அவன் கரண்டில் இருந்து சுமார் 1,200 வாட் இழுக்கும். 5 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். தினமும் 10 நிமிடம் என்றால், 2 மாதத்துக்கு சுமார் 12 யூனிட். தனி ஆளுக்கு இது பெரிய செலவு இல்லை.

ஆனால் அளவு கூடினால் நேரமும் கூடும். ஒரு டம்ளர் டீக்கு ஒன்றரை நிமிடம் என்றால், நாலு டம்ளருக்கு 5, 6 நிமிடம். நாலு பேருக்கு டீ, ஒரு படி கடலை, வீட்டுக்கே சாம்பார் என்றால் அடுப்புதான் லாபம், அடுப்புதான் வேகம்.

பிளக் விஷயத்திலும் கவனம் வேண்டும். எர்த் உள்ள தனி பாயின்ட்டில், முடிந்தால் 16 ஆம்பியர் பாயின்ட்டில் போட வேண்டும். மிக்ஸி, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் வயர் சூடாகி உருகும்.

உள்ளே தீப்பிடித்தால்? கையில் கொட்டிவிட்டால்?

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்கக்கூடாது. திறந்தால் காற்று போய் தீ பெரிதாகும். முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டும், கைக்கு எட்டினால் பிளக்கையும் பிடுங்க வேண்டும். மூடிய கதவுக்குள் காற்று குறைந்து பெரும்பாலும் தீ தானாக அணைந்துவிடும். அணையவில்லை என்றால் வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றிவிட்டு 101-ஐ அழைக்க வேண்டும்.

கையில் வெந்நீர், டீ கொட்டினால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதையும் வைக்கக்கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது. முகத்தில் பட்டாலோ, உள்ளங்கையைவிடப் பெரிய இடத்தில் பட்டாலோ, குழந்தைக்குப் பட்டாலோ 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

மைக்ரோவேவ் மேல் பகுதி முகத்தின் உயரத்துக்கு இருக்கக்கூடாது. சூடான கப்பை அண்ணாந்து எடுக்கும்போதுதான் முகத்தில் கொட்டும். பிள்ளைகளும், வயதானவர்களும் பயன்படுத்தும் வீட்டில் மேடை உயரத்தில் வைப்பதுதான் பாதுகாப்பு.

மொத்தத்தில்...

பொன்னிறமாகப் பொரிய வேண்டியது, தாளிக்க வேண்டியது, வீட்டுக்கே சமைக்க வேண்டியது எல்லாம் அடுப்புக்கு. ஒரு ஆளுக்கு, கொஞ்சமாக, ஈரத்தில் வேக வேண்டியது மைக்ரோவேவுக்கு. குத்த வேண்டியதைக் குத்தி, மூட வேண்டியதைச் சாய்த்து மூடி, தண்ணீரில் ஏதாவது போட்டு வைத்தால், விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓடும் வீட்டில் ஒரு டம்ளர் சுக்கு காபிக்கு 5 நிமிடம்கூட ஆகாது. வந்ததும் ஆறவிடும் அந்த அரை நிமிடத்தை மட்டும் அவசரப்பட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.